ஒரு வரி தள்ளி

"இருபத்தாறு வயசுப் பையனுக்கு, 'தங்கள் முதுமையைக் கருதி விருப்ப ஓய்வு பெறலாம்'னு கடிதமா? என்னம்மா வேலை பாக்குற நீ?"

மேனேஜர் மேஜையில் அடித்த அடியில் தண்ணீர் பாட்டில் உருண்டது. எதிரே நின்ற உதவியாளர் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

பையன் வேறு யாருமில்லை, மேனேஜரின் மச்சினன். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "என் தம்பி கிழவனா?" என்று மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். மேனேஜர் பாதியிலேயே கை கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். வருஷாந்தர மதிப்பீட்டுக் கடிதத்தை எல்லாம் உங்க எக்செல் ஃபார்முலாதான் போட்டுச்சு."

"என் ஃபார்முலா தப்பே பண்ணாது. பயிற்சி வகுப்புக்குப் போய்க் கத்துக்கிட்டு வந்தது. டைனமிக்! தானா நகரும், தானா எடுத்துக்கும்!"

"நகர்ந்துதான் போச்சு சார்."

அவள் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "ஊழியர் பேரெல்லாம் இந்த ஷீட்ல, வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி இருக்கு. அவங்களைப் பத்தி எம்.டி. எழுதினது அந்த ஷீட்ல. உங்க ஃபார்முலா பேரைப் பாக்கறதே இல்ல. இங்க அஞ்சாவது வரின்னா அங்கயும் அஞ்சாவது வரின்னு கண்ணை மூடிட்டு எடுத்துக்குது. கடிதம் அச்சாகறதுக்கு முன்னாடி யாரோ பேர் ஷீட்ல மட்டும் உச்சியில ஒரு வரியை நுழைச்சிருக்காங்க. எல்லாப் பேரும் ஒரு வரி கீழ இறங்கிடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் அடுத்த ஆளோட கடிதம் போயிருக்கு."

"எந்த மடையன் நுழைச்சான்?"

அவள் முதல் வரியைக் காட்டினாள். மச்சினன் பேர்.

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

"பையனுக்கும் கையோட ஒரு சம்பள உயர்வு கிடைக்கட்டுமேன்னு போட்டேன். நம்ம வீட்டுப் பிள்ளை அடியில கிடக்க வேண்டாமேன்னு மேல போட்டேன். இதைப் புரிஞ்சுக்கத் தெரியாதா?"

"எனக்கா சார்?"

"ஃபார்முலாவுக்கு!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, மத்தவங்க யாரும் சண்டைக்கு வரலியா?"

"வரல சார். கணக்குப் பிரிவுல மத்தியானமானா தூங்குவாரே கொட்டாவி, அவருக்கு 'உங்கள் சுறுசுறுப்பு அனைவருக்கும் முன்மாதிரி'ன்னு வந்திருக்கு. 'எம்.டி.க்கு இப்பவாவது கண்ணு திறந்துச்சே'ன்னார். வாட்ச்மேனுக்கு 'உங்கள் ஆங்கிலக் கடிதங்களில் பிழைகள் மலிந்துள்ளன'ன்னு போயிருக்கு. மனுஷன் இலக்கணப் புத்தகம் வாங்கிட்டார். டிரைவர்தான் கடைசி. அவருக்கு அடுத்து ஆள் ஏது? வெறும் தாள்தான் போச்சு. 'திட்டாம விட்டாங்களே, அதுவே புண்ணியம்'னு மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டார்."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எல்லாரும் கிடைச்சதோட ஒத்துப் போயிட்டாங்க. உங்க மச்சினனோடதை மட்டும் திரும்ப வாங்கிட்டு, மத்ததை அப்படியே விட்டுடலாமே சார்?"

சரியென்று தலையாட்டப் போன மேனேஜர் சட்டென்று நிறுத்தினார்.

"இரு, இரு. எல்லாருக்கும்னா, எனக்கு வந்ததும் என்னோடது இல்லையா?"

"இல்ல சார்."

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து தன் கடிதத்தை எடுத்தார். 'வருவோரைச் சிரித்த முகத்துடன் வரவேற்கிறீர்கள். தொலைபேசியில் உங்கள் குரல் இனிமை.'

"அது வரவேற்பறைப் பொண்ணோடது சார்."

அவர் முகம் பூரித்துப் போனது. "அதானே பாத்தேன்! இந்த ஆபீஸையே தாங்கற தூணு நான். எனக்குப் போய் குரல் இனிமைன்னு ரெண்டு வரியான்னு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்ப எனக்கு எழுதினதை வெச்சுக்கிட்டு எவனோ ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கறான்! விடக் கூடாது!"

"வேண்டாம் சார். மாத்தினா சில பேர் மனசு கஷ்டப்படும்."

"படட்டும். வினை விதைச்சவனுக்கு வினை, தினை விதைச்சவனுக்குத் தினை. எழுதும்மா மெயிலை. எல்லா ஊழியர்களுக்கும். 'அவரவர்க்கு உரிய கடிதம் இன்று மாலைக்குள் அவரவர் கையில் சேர வேண்டும். பதவி, உறவு பார்த்து எவருக்கும் விலக்கு இல்லை.' எம்.டி.க்கும் ஒரு நகல் போடு. என் நேர்மை அவருக்கும் தெரியட்டும்."

"நல்லா யோசிச்சுட்டீங்களா சார்?"

"உனக்கென்ன அவ்வளவு அக்கறை? அனுப்புன்னா அனுப்பு!"

அனுப்பினாள்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "இப்ப என்னோடதைக் கண்டுபிடி. எவன்கிட்ட மாட்டியிருக்குன்னு பாரு."

"தேட வேண்டாம் சார், என்கிட்டதான் இருக்கு. சேர்ந்த வரிசையில எனக்கு அடுத்த ஆள் நீங்கதான்." கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். "திங்கட்கிழமை பிரிச்சதும் எனக்குத் தலை சுத்திடுச்சு. நாம அப்படி என்ன தப்பு பண்ணிட்டோம்னு அழுது தீர்த்துட்டுத்தான், எதுக்கும் பார்ப்போமேன்னு ஃபார்முலாவைத் திறந்தேன்."

மேனேஜர் ஆவலோடு உறையைப் பிடுங்கிப் பிரித்தார்.

'பலமுறை எச்சரித்தும், உங்கள் தவற்றுக்கு அடுத்தவர்மீது எரிந்து விழுவதை நீங்கள் நிறுத்தவில்லை. இம்மாத இறுதியோடு பணியிலிருந்து விலகிக்கொள்ளவும்.'