மேவிஸ் வேகவைத்த டின்

"பிஸ்கட்டை நொறுக்கச் சொன்னா, மேசையையே நொறுக்கிடுவீங்க போலிருக்கே!"

க்ளிஃபோர்ட் கையிலிருந்த பூரிக்கட்டையை நிறுத்தினார். "உங்கம்மா செய்யறப்ப இவ்வளவு சத்தம் வராது."

"அம்மா அடிக்க மாட்டாங்க, உருட்டுவாங்க. பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு, காத்தை வெளியே விட்டுட்டு, மெதுவா. இங்க குடுங்க."

ஹிலரி கட்டையை வாங்கிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரத்து மழை. இன்று அம்மா மேவிஸின் பிறந்தநாள். தன் பிறந்தநாளுக்குத் தானே 'பை' என்னும் வாழைப்பழ டாஃபி இனிப்பைச் செய்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுப்பது மேவிஸின் வழக்கம். மார்ச்சில் அவளை அடக்கம் செய்த பிறகு மகள் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் முறை.

"ராத்திரி தங்குவியா? உன் ரூம்ல படுக்கை போட்டு வச்சிருக்கேன்."

"இல்லப்பா. சாப்பிட்டுட்டு ரயிலைப் பிடிக்கணும்."

"கிறிஸ்துமஸுக்காவது..."

"வேண்டாம்ப்பா. நான் வாயைத் திறந்தா சண்டைதான் வரும்." ஆனாலும் திறந்தாள். "கெட்டிலைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத மனுஷி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகல. அவங்களை நாற்காலியில உட்கார வச்சுட்டு, நாள் முழுக்கத் தோட்டத்துல போய் உருளைக்கிழங்கு நட்டுக்கிட்டு இருந்தீங்களே. உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? தனியா உயிரை விட்டுட்டாங்கப்பா."

க்ளிஃபோர்ட் அடுப்புப் பக்கம் திரும்பினார். வெண்ணெயை உருக்கினார். ஹிலரி அதைப் பிஸ்கட் தூளில் ஊற்றிப் பிசைந்து, வட்டத் தட்டில் கொட்டி, ஒரு டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்தினாள். உருகிய வெண்ணெய் ஒவ்வொரு துகளையும் சுற்றிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் வைத்தால் அது மறுபடி இறுகி, எல்லாத் துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இந்த இனிப்பை அடுப்பில் சுட வேண்டியதில்லை.

அது இறுகியதும் க்ளிஃபோர்ட் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டின்னை எடுத்து வந்தார். காகிதம் உரிக்கப்பட்ட, மொட்டையான டின்.

"இதுதான் அவ போன அன்னைக்கு அடுப்புல இருந்தது. தூக்கிப் போட மனசு வரல."

ஹிலரி அதை வாங்காமல் பார்த்தாள். கடையில் இப்போது டாஃபியே டின்னில் கிடைக்கிறது. மேவிஸ் அதைத் தொடமாட்டாள். இனிப்புப் பால் டின்னைத் திறக்காமல், காகிதத்தை மட்டும் உரித்துவிட்டு, முழுசாகத் தண்ணீரில் மூழ்கவைத்துக் கொதிக்கவிடுவாள். உள்ளே பாலும் சர்க்கரையும் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு டாஃபியாகும். அதிக நேரம் கொதித்தால் அதிகக் கருமை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தண்ணீர் ஆவியாகி டின்னின் தலை வெளியே தெரிந்துவிடக் கூடாது. கெட்டிலில் வெந்நீர் வைத்துக்கொண்டு அடிக்கடி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டின் வெடித்துவிடும்.

"ஞாபகம் இருக்கா?" க்ளிஃபோர்ட் கூரையைக் காட்டினார். மூன்று முறை வெள்ளையடித்தும் மறையாத பழுப்புக் கறை. "நீ அப்ப சின்னப் பொண்ணு."

"கிரிக்கெட் பார்த்துக்கிட்டுத் தண்ணி ஊத்த மறந்துட்டீங்க. டமார்னு ஒரு சத்தம். அம்மா ஒரு வாரம் உங்ககூடப் பேசல." அவள் உதட்டோரம் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

டின்னைத் திறந்தாள். உள்ளே பொன்னிறம் இல்லை. வறுத்த காப்பிக்கொட்டையின் நிறம். கரண்டியைச் செருகியபோது அப்படியே நின்றது.

"அம்மா இவ்வளவு கருப்பா விட்டதே இல்லையே."

"காலைல டீ குடிச்சதும் வைக்கச் சொன்னா. அடுப்பைப் பத்த வச்சுட்டுத்தான் தோட்டத்துக்குக் கிளம்பினேன். இருட்டினப்புறம் வந்து நான்தான் அணைச்சேன்."

"அதுவரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சா?"

"எரிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

ஹிலரி டாஃபியைப் பிஸ்கட்டின் மேல் பரப்பினாள். வாழைப்பழத்தை வட்டம் வட்டமாக நறுக்கி அடுக்கத் தொடங்கினாள். பாதியில் அவள் கை நின்றது. தலை தூக்கிக் கூரையைப் பார்த்தாள். ஒரே ஒரு கறைதான் இருந்தது, பழைய கறை. காலி டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் வீங்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"அப்பா."

"க்ரீமை அடிக்கட்டுமா?"

"அப்பா, காலையிலிருந்து இருட்டுற வரைக்கும் கொதிச்சிருக்கு. டின் வெடிக்கல." காலி டின்னை அவர் பக்கம் நீட்டினாள். "அம்மாவால கெட்டிலைத் தூக்க முடியாது. அப்ப, தண்ணி ஊத்தினது யாரு?"

க்ளிஃபோர்ட் வரிசையிலிருந்து விலகியிருந்த வாழைப்பழத் துண்டு ஒன்றை விரலால் தள்ளி நேராக்கினார்.

"திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன்னுட்டா. அதை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டா. அதான் தோட்டத்துக்குப் போனதா சொன்னேன்," என்றார். "ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்னு நான் எழுந்திருக்கிறப்பல்லாம் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா, ஹிலரி. கெட்டில் பக்கம் போறதுக்கு மட்டும்தான் விட்டா."