சவரிமுத்து வாயில் வராத வாக்கியம்

கடவுச்சொற்களெல்லாம் வாயால் சொல்லும் வாக்கியங்களாக மாறிவிட்ட காலம். நம்முடையது எந்த இடத்தில் வேறு யார் வாயிலிருந்து வந்தாலும் பிரவுசர் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பிலோமினா நன்றாக யோசித்து, 'தப்பு என் மேலதான்' என்று வைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து கணவன் சவரிமுத்து வாயில் வராத வாக்கியம் அது. இதைவிடப் பெரிய பூட்டு எந்தக் கடையில் கிடைக்கும்?

அன்று மாலை சவரிமுத்து வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சமையலறைச் சுவரிலிருந்த பிரவுசர் திரை அலறியது. "உங்கள் கடவுச்சொல் கசிந்துவிட்டது. சொன்னவர், உங்கள் கணவர்."

பிலோமினாவுக்கு மனசு இளகிவிட்டது. காலையில் மீன்குழம்புக்காக நடந்த சண்டை நினைவுக்கு வந்தது. "ஏங்க, அதை எங்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"எதைடி?" என்று விழித்தான் சவரிமுத்து.

பிரவுசர் விவரம் சொன்னது. "இடம், அலுவலகம். கேட்டவர், மேனேஜர். சொல்லும்போது உங்கள் கணவர் கைகட்டி நின்றிருந்தார்."

சவரிமுத்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்.

பிலோமினா கரண்டியை டங்கென்று வைத்துவிட்டுப் புதுக் கடவுச்சொல்லைச் சொன்னாள். "நீ போய் உக்காரு, பாத்திரம் நான் கழுவுறேன்."

"மிகவும் வலிமையானது," என்றது பிரவுசர். "உங்கள் கணவர் இதை எங்கேயுமே சொன்னதில்லை."