தன் பெயர், எதிராளி பெயர்

“இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்த மரியாதையை மூட்டை கட்டி வைங்க. மேல ஏறினதும் உங்க பேரையே சொல்லுங்க” என்றாள் கெசையா.

அவள் கணவன் அசஹேல் ப்ரூயிட் தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். மிசௌரியின் அந்த ஓடைக்கரைக்கு முதலில் வந்து, காடு வெட்டிக் குடியேறியவன் அவன். இன்று சாலை ஆணையர் பதவிக்கு நிற்கிறான். எதிர்த்து நிற்பவன், மாவு மில் வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரன் மைக்காஜா டோல்.

கொல்லன் பட்டறைப் படியில் ஏறி, ஊரே கேட்க ஒரு பெயரைச் சொன்னால் அதுதான் ஓட்டு. வேட்பாளர்கள் கடைசியில் ஏறுவார்கள். தன் பெயரைத் தானே சொல்வது கேவலம். எதிராளியின் பெயரைச் சொல்வதுதான் பண்பு.

“ரெண்டு பேருக்கும் இப்போ சமமா நிக்குது. புது ரோட்டுக்கு முளை அடிச்சிருக்கறது ஓக் மரத்தடியிலங்க. நம்ம ஹான்னாவைப் புதைச்ச இடம். புள்ள மேல வண்டி ஓடணுமா? ரோடு நேரா போனா மைக்காஜா மில்லுக்குத்தான் கொண்டாட்டம். அவனா வளைக்கப் போறான்?”

“இஞ்சி கேக் மிச்சம் இருக்கா?”

“ஒரு துண்டு இருக்கு. மைக்காஜா கை நீட்டினான். கூடையை மூடிட்டேன்.”

அசஹேல் படியேறினான். தொண்டையைச் செருமினான்.

“மைக்காஜா டோல்!”

கூட்டம் கை தட்டியது. கெசையா ஏப்ரன் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்து மைக்காஜா ஏறினான். தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மைக்காஜா டோல்” என்றான்.

கூட்டம் வெடித்தது.

“அடச்சீ! உன் கல்யாணத்துல நீயே மாப்பிள்ளை, நீயே பொண்ணாடா?”

“இவன் மில்லுல இனி என் கோதுமை ஒரு மணி அரைபடாது!”

ஜெயித்தவன் தலைகுனிந்து தனியாக நடந்தான். யாரும் கை குலுக்கவில்லை.

“போச்சு. பண்பு பண்புன்னு பெத்த பொண்ணையே விட்டுக் கொடுத்துட்டீங்க” என்றாள் கெசையா.

அசஹேல் அவளை வண்டி மறைவுக்கு அழைத்துப் போனான்.

“நம்ம நிலத்து வழியா போற ரோடு இது. ஆணையரே நானா இருந்தா, அதுல நான் வாய் திறக்கக் கூடாது. சட்டம் அப்படி. விஷயம் டவுன் கோர்ட்டுக்குப் போயிருக்கும். அங்க இருக்கறவன் நூல் பிடிச்ச மாதிரி நேரா இழுத்திருப்பான்.”

“அப்போ நீங்க...?”

“தோத்தாகணும். நேத்து வேலியோரமா நின்னு, ‘ஊர் காறித் துப்பினாலும் பரவாயில்ல, உன் பேரையே சொல்லிடு’ன்னு மைக்காஜாகிட்டக் கெஞ்சினதே நான்தான். ரோட்டை மரத்தைச் சுத்திக் கொண்டுபோறேன்னு என் கையில அடிச்சுச் சொல்லியிருக்கான்.”

கெசையா கூடையைத் திறந்து, கடைசித் துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு மைக்காஜாவின் பின்னால் ஓடினாள்.