மணிக்கு ஒரு புள்ளி

கன்னத்தில் அறை விழுந்த சத்தத்தில், கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி மயூரதன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

வீரய்யா தன் மகனைக் கைநீட்டி அடித்தது இதுதான் முதல் தடவை. சின்னராசாவுக்கு வயது முப்பது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"சொல்லுடா. எங்க வெச்ச?"

"தொலஞ்சி போச்சிப்பா."

பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலை முடிந்து அரசாங்கத்தின் காப்புக்காடு தொடங்கும் மேட்டில் மூவரும் நின்றார்கள். பக்கத்தில் ஒரு தகரக் கூண்டு. அதற்குள் காற்றை அளக்கும் பெட்டி.

பெட்டி இரவும் பகலும் காட்டுக் காற்றை இழுத்து, வெள்ளைக் காகிதச் சுருளில் மணிக்கு ஒரு புள்ளி வைக்கும். காற்று சுத்தமாக இருந்தால் புள்ளி கண்ணுக்கே தெரியாது. புகை வந்தால் கறுக்கும். வாரம் ஒரு சுருளை மாற்றிப் பத்திரமாக வைப்பது சின்னராசாவின் வேலை.

போன வாரம் காடு எரிந்தது. தோட்டத்து ஆட்கள் பச்சைக் கொப்பால் அடித்துத்தான் அணைத்தார்கள். வீரய்யாவும் அடித்தார். எழுபது வயதில் புகைக்குள் நின்று அடித்ததில் பிடித்த இருமல் இன்னும் போகவில்லை.

அந்த வாரத்துச் சுருளைத்தான் காணோம்.

மயூரதன் யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"ஐயா, முதல் கறுத்த புள்ளியைப் பாத்தா எத்தினை மணிக்கு நெருப்புப் பிடிச்சதெண்டு தெரியும். அந்த நேரம் ஆர் மேல நிண்டதெண்டு விசாரிச்சு ஆளைப் பிடிக்கலாம். சுருள் இல்லாட்டி, உங்கட மகன் ஒளிச்சுப்போட்டாரெண்டுதான் நான் எழுத வேணும். வேலையும் போயிடும்."

வேலை போவது வீரய்யாவுக்குப் பெரிதில்லை. அவருடைய அப்பா இந்தத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவந்த பெரிய கங்காணி. அந்த வீட்டுப் பிள்ளையைக் கள்ளன் என்று ஒருவர் காகிதத்தில் எழுதுவதா?

"எவன்கிட்டடா காசு வாங்குன? மரம் வெட்ட வர்ற பயலுகளுக்காக மறைக்கிறியா?"

சின்னராசா அப்பாவையே பார்த்தான்.

"கோட்டான் மாதிரி முழிக்கிறான் பாருங்க சார். தீ வெச்ச கை எதுன்னு மட்டும் காட்டச் சொல்லுங்க. கவ்வாத்துக் கத்தியால நானே வெட்டிப்புடுறேன்."

"அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்கப்பா."

அந்தக் கெஞ்சல் வீரய்யாவின் எரிச்சலைக் கூட்டியது. பழைய கறுப்புக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு அதிகாரியின் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"சுருளு எதுக்கு சார்? நான் சொல்றேன், எழுதிக்கிங்க. தீப்புடிச்ச வெள்ளிக்கிழமை முனியாண்டி பூசை. எங்க குடும்பத்து ஆளுதான் மொத பூசை வைக்கணும். அது முடியுமட்டும் வேற எவனும் மேல ஏறப்படாது. நான் மட்டுந்தான் ஏறுனேன். முனியாண்டி கல்லுகிட்ட நின்னு நாலு பக்கமும் பார்த்தேன். ஒரு ஈ காக்கா இல்ல."

"அப்பா!"

"குறுக்க பேசாத. சாராயத்த ஊத்துனேன். சாமிக்கு சுருட்டப் பத்தவெச்சேன். அது சாஞ்சிறப்படாதுன்னு ரெண்டு கை காஞ்ச புல்ல அணைச்சு நிறுத்திட்டு எறங்குனேன். லயத்து வீட்டுக்கு வந்து இந்தக் கோட்டக் கூட கழட்டல, மேல பொகை. அதுக்குள்ள எவனோ..."

நிறுத்தினார்.

கருகிய புல்வெளி முனியாண்டி கல்லின் அடியில் தொடங்கி, விசிறிபோல் மேலே விரிந்து காட்டுக்குள் போயிருந்தது. அங்கே நின்ற மூவருக்கும் அது தெரிந்தது.

மயூரதன் பேனாவை மூடினார்.

"பரவாயில்லை ஐயா. சுருள் ஈரம் பட்டுப் பழுதாப் போச்செண்டு போடுறன். ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

சின்னராசா அப்பாவின் கையைப் பிடித்தான். அவன் கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து கிடந்தன.

வீரய்யா கையை உதறினார். அவருடைய கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை.

"பொய் எழுதச் சொல்லி ஒங்கள யாரு சார் கேட்டா? பேனாவத் தொறங்க."

மயூரதன் தயங்கினார்.

"தொறங்க. வெறும் வீரய்யான்னு போட்டுறாதீங்க, அந்தப் பேருல இந்தத் தோட்டத்துல நாலு பேரு இருக்கான். பெரிய கங்காணி மகன் வீரய்யான்னு போடுங்க."