மாப்பிள்ளை வீட்டார் கேட்ட மாற்றம்

"ஆம்பளைக்கு ஒரு பதில், பொம்பளைக்கு ஒரு பதில் வர்ற மாதிரி மாத்திடும்மா," என்றார் அரியமுத்து.

சத்யப்பிரியாவுக்குக் காது சுட்டது.

அரியலூரில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர் அவர். முன்பு ஆண்டிமடத்தில் முந்திரித் தரகு. கொட்டையைக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்த கை, இப்போது ஜாதகத்தைக் குலுக்குகிறது. அவருடைய ஆப்பை எழுதுகிறவள் இவள்.

மண நிலைக்கு மூன்றே மதிப்புகள் வைத்திருந்தாள்: முதல்மணம், விவாகரத்து, துணையை இழந்தவர். நாலாவது நுழைய முடியாது. இப்படிக் கட்டி வைப்பதை நிரல் எழுதுகிறவர்கள் ஆங்கிலத்தில் 'ஈனம்' (enum) என்பார்கள். பேர்தான் அப்படி, நடத்தை நேர்.

ஒவ்வொரு மதிப்புக்குள்ளும் மெத்தட் என்கிற ஒரு குட்டி நிரல். 'யாருக்குக் காட்டலாம்?' என்று கூப்பிட்டால் அதுவே பதில் சொல்லும்.

மூன்றும் இதுவரை ஒரே பதிலைத்தான் சொல்லின. எல்லாருக்கும்.

இனிமேல் அது ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டுமாம். விவாகரத்தான ஆண் எல்லாப் பெண்களுக்கும் தெரிவான். விவாகரத்தான பெண், இரண்டாம் கல்யாணத்துக்கு நிற்கும் ஆண்களுக்கு மட்டும்.

அவள் அக்கா பானுப்ரியாவும் அந்த ஆப்பில் இருக்கிறாள். புருஷன் அடி தாங்காமல் வருஷம் திரும்புமுன் பிறந்த வீடு வந்து, விவாகரத்து வாங்கியவள். வயது இருபத்தொன்பது.

"அடிச்சவன் ஊருக்கே தெரியணும், அடிபட்டவ ஒளிஞ்சுக்கணுமா சார்?"

"நான் என்னம்மா பண்றது. மாப்பிள்ளை வூட்டுல கேக்குறாங்க."

முடியாது என்று எழுந்துவிடலாம். பெரம்பலூரில் இன்னொருத்தன் பாதி நாளில் எழுதிக் கொடுத்துவிடுவான்.

எழுதினாள். விசைகள் அடி வாங்கின. வாயில் வந்த வசவெல்லாம் விரல் வழியே போயிற்று.

அக்காவை இனி யார் யார் பார்க்கலாம் என்று சோதிக்க அவள் பக்கத்தையே திறந்தாள். காலையில் கீழே கீழே தள்ளிப் பார்க்க வேண்டியிருந்த மாப்பிள்ளைகள் யாரும் இல்லை.

ஒரே ஒருவர்.

வயது ஐம்பத்திரண்டு. துணையை இழந்தவர். அக்கா பதிந்ததற்கு மறுநாள் பதிந்திருக்கிறார். போட்டோ பழையது. தலையில் முடி நிறைய. அந்தச் சிரிப்பை மட்டும் அவள் தினமும் பார்க்கிறாள்.

நாற்காலிக்குப் பின்னால் அரியமுத்து தொண்டையைச் செருமினார்.

"இனிமே என்னய சார்னு கூப்பிட வேணாம்மா. மாமான்னே கூப்பிடு."