நாய்க்கு ஒரு குழி

கடப்பாரையை ஓங்கிக் குத்தினாள். 'ணங்'கென்று எகிறியது. இரண்டு கைகளும் தோள் வரை விறுவிறுத்ததுதான் மிச்சம். ஒரு மணி நேரமாகக் குத்தியும் கொல்லைப்புறத்து மண் ஒரு சாண்கூட இறங்கவில்லை. குளிர்காலத்தில் மண்ணும் கல்லாகிவிடும் என்று வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

மணி இரண்டரை. நாலு மணிக்கு, மாலை ஷிஃப்டுக்குப் புருஷனை ஏற்றிக்கொண்டு போக மர ஆலை வேன் வந்துவிடும். அதற்குள் வெட்டி, புதைத்து, மேலே பனியை வாரிப் போட்டு முடித்தாக வேண்டும்.

"என்ன தங்கச்சி பண்றே?"

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். இடுகாட்டில் குழி வெட்டுவது அவர் தொழில். அதனால் ஊருக்கே அவர் குழிக்காரர்தான்.

"நாய் செத்துப்போச்சுண்ணே. குளிர் தாங்கலை."

குழிக்காரர் வேலியைத் தாண்டி வந்து, அவள் மண்ணில் கிழித்திருந்த கோட்டைப் பார்த்தார். ஆறடி நீளம். நாய்க்கு அது கொஞ்சம் தாராளம்தான்.

சனியன் பிடித்த நாய், அந்த நேரம் பார்த்துத்தான் விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டே வர வேண்டுமா? வந்து, அவர் காலை மோந்து, வாலையும் ஆட்டியது. இருவரும் நாயைப் பார்த்தார்கள்.

கடப்பாரை அவள் கையிலிருந்து நழுவியது. அப்படியே பனியில் உட்கார்ந்தவள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய், எரிகிற இரும்பு அடுப்பின் பக்கவாட்டில் கன்னத்தை வைத்து அழுத்தினான் புருஷன். பிறகு அடுப்பு கிளறுகிற கம்பியை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது, இரண்டாவது காதைக் கிழித்தது. மூன்றாவதற்கு அவன் கையை ஓங்கியபோது, விறகு பிளக்கிற கோடாலி அவள் கையில் இருந்தது.

ஒரே போடு. பொய் எதற்கு, நாலு போட்டாள். நாலாவதைப் போடும்போது அவனுக்கு உயிர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"புது ஊருக்குப் போனால் நானும் புது மனுஷன் ஆகிவிடுவேன்" என்று காலில் விழாத குறையாகச் சொல்லித்தான் பாவி அவளை இங்கே கூட்டிவந்தான். நாலு மாதம் ஆகிறது. ஊர் மட்டும்தான் புதிதாக இருந்தது.

ஆனால் அந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போனது. கேட்காமலே கம்பளிக் காலுறை கொடுத்தாள் கடைக்காரம்மா. அவள் ஓடிவருவது தெரிந்தால் பஸ் டிரைவர் இரண்டு நிமிஷம் நிறுத்தி வைப்பார். எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் எதையும் நோண்டிக் கேட்பதில்லை. வந்த முதல் வாரமே வீங்கின கண்ணோடு கடைக்குப் போனவள், பனியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். "ஆமா, வழுக்கும்" என்று சாமானைப் பையில் போட்டாள் கடைக்காரம்மா. அன்றைக்கு ஊரில் ஒரு பொட்டுப் பனிகூட விழுந்திருக்கவில்லை. என்ன வெள்ளந்தி ஜனங்கள் என்று அவளுக்கு அப்பாடாவென்று இருந்தது.

"போலீசைக் கூப்பிடுங்கண்ணே. என்னால முடியலை."

குழிக்காரர் வீட்டுக்குப் போய், விறகு இழுக்கிற சறுக்குப்பலகையைக் கொண்டுவந்தார். இருவருமாக அவனைப் போர்வையில் சுற்றி ஏற்றினார்கள். உயிரோடு இருந்தபோதும் பாரம், செத்தும் பாரம். பலகை போன வழியெல்லாம் பனியில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அவர் பின்னாலேயே காலால் பனியைத் தள்ளி மூடிக்கொண்டு வந்தார்.

தெருக்கோடியில் இருந்தது இடுகாடு. ஓர் இடத்தில் பனியைத் தள்ளிவிட்டுப் பலகைகளைத் தூக்கினார். கீழே அளவெடுத்து வெட்டியதுபோல் ஆறடிக் குழி ஒன்று தயாராக இருந்தது.

அவள் வாயைப் பிளந்தாள்.

"மண்ணு இறுகறதுக்கு முன்னாடியே வெட்டி வெச்சுடுவோம் தங்கச்சி. குளிர்ல செத்தவங்களைப் பனி உருகற வரைக்கும் வீட்டுல வெச்சிருக்க முடியுமா? இந்தக் குளிரைத் தாண்ட மாட்டாங்கன்னு தோணினா, ஆளுக்கு ஒண்ணு."

பக்கத்தில் இன்னும் மூன்று இடங்களில் பலகை மூடியிருந்தது. ஒன்று பழைய தபால்காரருக்கு, ஒன்று பள்ளிக்கூட வாத்தியாரின் மாமியாருக்கு, இன்னொன்று நெஞ்சுச்சளியில் கிடக்கும் தச்சருக்கு என்று கையைக் காட்டினார். பிறகு காலால் ஒரு தள்ளு தள்ளினார். புருஷன் தொப்பென்று உள்ளே விழுந்தான்.

வைக்கோல் போட்டு மூடி வைத்திருந்த மண்ணை இருவரும் வாரிக் கொட்டினார்கள். வேன்காரன் கேட்டால், பதினோரு மணி பஸ்ஸில் பெட்டியோடு ஏறிப் போய்விட்டான் என்று சொல்லச் சொன்னார். பஸ் டிரைவரும் பார்த்திருக்கிறாராம்.

"அவர் எப்படிண்ணே பாத்திருப்பாரு?"

"பாத்தேன்னு சொல்லுவான். நீ போய் அடுப்படியைக் கழுவு."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிறந்த வீட்டில்கூட யாரும் அவளுக்காக இவ்வளவு செய்ததில்லை. இனி இதுதான் நம் ஊர், இவர்கள்தான் நம் ஜனங்கள் என்று மனசு நிறைந்துபோனது.

நாலடி நடந்தவள் திரும்பி வந்தாள். தன்னால் இன்னொருவருக்குக் குழி இல்லாமல் போகிறதே என்று உறுத்தியது.

"அண்ணே, இது யாருக்கு வெட்டினது?"

குழிக்காரர் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்குத்தான் தங்கச்சி."