முதல் மாத்திரை

“முதல்ல நான் போட்டுப் பார்க்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அப்புறம் பிள்ளைக்குக் குடுக்கலாம்” என்று ஓஸ்வால்ட் கையை நீட்டினான்.

“இன்னிக்கேவா?” என்றாள் ஆஷா.

“இதுக்குன்னுதானே லீவு போட்டிருக்கேன்! லீவு போடுங்கன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தியே.”

ஆஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பேசாமல் எழுந்துபோய், கார்மெண்ட்ஸில் கூட வேலை செய்யும் பக்கத்து வீட்டு ராதாவிடம் தனக்கும் லீவு சொல்லி அனுப்பினாள். திரும்பி வரும்போது அலமாரியிலிருந்து எடுத்த இரண்டு மாத்திரைகள் அவள் உள்ளங்கையில் இருந்தன.

“நீங்க மட்டும் இன்னாத்துக்குத் தனியா? நானும் போட்டுக்கறேன்.”

மாத்திரை அவர்கள் மகன் சாமுவேலுக்கு எழுதிக் கொடுத்தது. மூன்றாம் வகுப்பு. பையனுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஒரு இடத்தில் உட்காரத்தான் வராது. பெஞ்சு மேலே ஏறுவான், எழுதுகிற பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவான், பாதிப் பாடத்தில் வெளியே ஓடிவிடுவான். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், இது சேட்டை இல்லை, மருந்து கொடுத்தால் கவனம் நிற்கும் என்றார். மருந்து கொடுங்கள், இல்லாவிட்டால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஓஸ்வால்டுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மாத்திரை பிள்ளையைத் தூங்குமூஞ்சி ஆக்கிவிட்டால்?

“எங்கப்பா கோலார் சுரங்கத்துல மேஸ்திரி. வெடி வெச்ச எடத்துக்கு முதல்ல அவர் போய்ப் பார்த்துட்டு வருவாரு. அப்புறந்தான் ஆளுங்களை விடுவாரு. நான் முழுங்கிப் பார்க்காம எம் பிள்ளை வாயில ஒண்ணும் போடக்கூடாது” என்று அன்றே தீர்த்துச் சொல்லிவிட்டான்.

சொன்னானே தவிர, லீவு கிடைத்தால்தானே? பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்டு. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். அவன் கிளம்பும்போது பையன் பள்ளிக்கூடத்தில், திரும்பும்போது தூக்கத்தில். காலையில் பையன் போகும்போது இவன் தூக்கத்தில். ஆஷாவைப் பார்ப்பதும் கதவு திறக்கிற நேரத்தில்தான். தூக்கக் கலக்கத்தோடு குழம்பைச் சூடாக்கி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவாள்.

இருவரும் மாத்திரையை விழுங்கிவிட்டு, பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“இன்னா ஆகுது?”

“ஒண்ணும் ஆகல. உங்களுக்கு?”

“வாய் உலர்ந்து போற மாதிரி இருக்குது.”

“தண்ணி குடிங்க.”

குடித்துவிட்டு நிமிர்ந்தவன் அவள் முகத்தையே பார்த்தான். “ஆமா, நீ எப்போ கண்ணாடி போட்ட?”

“நல்லா கேட்டீங்க! கிறிஸ்துமஸுக்கு சர்ச்சுக்கே இதைப் போட்டுட்டுதானே வந்தேன்.”

ஓஸ்வால்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை மறைக்கத்தான் பேச ஆரம்பித்தான். மெஷின் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாததை, கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் எல்லாரும் தூங்கிவிடுவதை, சில நாள் தன் குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோவதை எல்லாம் சொன்னான். இதையெல்லாம் சொல்ல ஓர் ஆள் வீட்டிலேயே இருந்தும் இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டோமே என்று அவனுக்குத் தோன்றியது.

“நான் மட்டும் இன்னா? சாமு தூங்கினதும் டிவியைப் போட்டுட்டு உக்காருவேன். சீரியல்ல யாராச்சும் கேள்வி கேட்டா நான் பதில் சொல்லிட்டிருப்பேன்” என்று சிரித்தாள் ஆஷா. சிரித்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோறு ஆறிப்போனது. இருவருக்கும் பசிக்கவே இல்லை.

“மாத்திரை வேலை செய்யுது ஆஷா. பேச்சு எவ்ளோ கோர்வையா வருது பாரு!”

“ஆமாங்க, நல்லாதான் வேலை செய்யுது.”

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு சாமு வந்தான். ஓஸ்வால்ட் தன்னையறியாமல் மேஜை மேலிருந்த தண்ணீர் ஜக்கை நகர்த்தி வைத்தான். பை ஒரு மூலையில் பறக்கும், ஷூ இன்னொரு மூலையில் பறக்கும், பிள்ளை ஜன்னல் கம்பியில் தொங்கும். அவனுக்குத் தெரிந்த சாமு அப்படித்தான்.

“ஐ, அப்பா! வேலைக்குப் போகலையா?”

கழுத்தைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னான். பிறகு ஷூவைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டுக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் வீட்டுப்பாடம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒருமுறை அப்பாவைப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான்.

ஓஸ்வால்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

“பார்த்தியா? இந்தப் பிள்ளைக்கா மாத்திரை? சிரிக்கிறான், பேசறான், உக்காந்த எடத்துல உக்காந்து எழுதறான். இவனுக்கு இன்னா கொறைச்சல்? டாக்டருங்க சும்மா பயமுறுத்தறாங்க. எல்லாத்தையும் தூக்கிப் போடு!”

ஆஷா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

“மாத்திரை போட்டுதாங்க இப்படி உக்காந்திருக்கான். ஸ்கூல்ல டிசி எழுதவே ஆரம்பிச்சிட்டாங்க, உங்க லீவுக்குக் காத்திருக்க முடியல. நான் குடுக்க ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.”

ஓஸ்வால்ட் வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளையை எட்டிப் பார்த்தான்.

“அப்போ… காலையிலயே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா, லீவைக் கேன்சல் பண்ணிட்டு ஷிப்டுக்குப் போயிருப்பீங்க” என்றாள் ஆஷா.